ஏரிக்கரைச் சீமை – 17: கைநாட்டுக்காரர்களுக்கு வந்த கடிதம்

சென்ற இதழில் சிங்கப்பெருமாள் கோயிலின் பாடலாத்ரி மலையைச் சுற்றிவந்தோம். பட்டர் தீபத்தை உயர்த்தி நரசிம்மரின் நெற்றித் திருநாமத்தை விலக்க, மூன்றாவது கண் தெரிந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அன்றிரவு ஊருக்குத் திரும்பவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். இந்த அத்தியாயம் அந்த வீட்டின் முன்னறையிலிருந்து தொடங்குகிறது.

விடியற்காலை நான்கரை மணிக்கு விளக்கு எரிந்தது. நண்பரின் ஆயா, எண்பதைத் தாண்டியவர், ஜவுளிக்கடை மஞ்சள் பையிலிருந்து ஒரு கறுப்புப் புத்தகத்தை எடுத்தார். அட்டை போய், காலண்டர் தாளால் அட்டை போட்ட பைபிள். பக்க அடையாளத்துக்கு ரிப்பன் கிடையாது. போன வருஷத்துக் குருத்தோலை ஞாயிறன்று பின்னிய ஓலைச் சிலுவை, காய்ந்து பழுப்பேறி உள்ளே கிடந்தது. மல்கியா முடிந்து மத்தேயு தொடங்குவதற்கு நடுவில் இருக்கும் வெற்றுத்தாளில் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதி என்று மூன்று தலைமுறை மூன்று விதக் கையெழுத்தில் இருந்தது. முதல் சில வரிகள் மட்டும் ஒரே கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களுக்காக உபதேசியார் எழுதித் தந்ததாம்.

“தூக்கம் கெட்டுப்போச்சா தம்பி? நீங்க படுங்க. நான் மெதுவாத்தான் படிப்பேன்.”

மெதுவாகப் படிக்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி படித்தார். அன்றைய பகுதி கொலோசெயர் நிருபத்தின் நான்காம் அதிகாரம், மொத்தம் 18 வசனம். பாதிக்கு மேல் பெயர்ப் பட்டியல்தான்: தீகிக்கு, ஒநேசிமு, அரிஸ்தர்க்கு, மாற்கு, எப்பாப்பிரா, லூக்கா, தேமா, நிம்பா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் துருக்கிப் பக்கம் ஓர் ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லியனுப்பிய நலவிசாரிப்பு. ஆயா ஒரு பெயரையும் விடவில்லை. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றையும் சொன்னார். முடித்துவிட்டுக் கண்ணை மூடிச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு ஜெபம். அதிலும் ஒரு பெயர்ப் பட்டியல். பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலி, மறைமலை நகர்க் கம்பெனியில் காலை ஷிப்டுக்குப் போகும் பேரன், வீட்டில் தங்கியிருக்கும் ‘பத்திரிகைக்காரத் தம்பி’ எல்லாரும் அதில் வந்தார்கள்.

“அந்தப் பேரையெல்லாம் விட்டுட்டுப் படிக்கலாமே ஆயா?” என்று கேட்டேன்.

“அது எப்படி? லெட்டர்ல ஒவ்வொருத்தரா விசாரிச்சு எழுதியிருக்காங்க. பேரை விட்டுட்டுப் படிச்சா அவங்க என்ன நெனைப்பாங்க?”

நான் ஆராய்ச்சிப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்த விஷயம் இந்த ஒரு பதிலில் இருந்தது. புதிய ஏற்பாட்டில் 27 புத்தகங்கள். அவற்றில் 21 கடிதங்கள். வேதம் என்று நாம் மரியாதையாகத் தூர நின்று பார்க்கும் அந்த நூலின் எண்ணிக்கையில் பெரும்பாதி, யாரோ யாருக்கோ அவசரத்தில், கோபத்தில், கவலையில், சிறையில் இருந்தபடி எழுதிய தபால். கடிதம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அதைப் படிக்கும் முறையும் தெரிந்துவிடுகிறது.

அவை கண்ணால் படிக்க எழுதப்பட்டவையும் அல்ல. பவுல் சொல்லச் சொல்ல எழுத ஆள் இருந்தது. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் எழுத்தர் தெர்தியு தன் பங்குக்குத் தானும் ஒரு வாழ்த்தைச் செருகிவிடுகிறார். தபாலாபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், கடைசியில் ‘இதை எழுதியவன்’ என்று தன் பெயரையும் போட்டுக்கொள்வதுபோல. அந்த நிருபத்தைக் கொண்டுபோனவர் பெபேயாள் என்ற பெண்மணி என்பது மரபு. போய்ச்சேர்ந்த ஊரில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். கூடியிருப்பவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. ஆயா வாசித்த அந்த நான்காம் அதிகாரத்திலேயே, இதை உங்கள் ஊரில் வாசித்தபின் லவோதிக்கேயாவிலும் வாசிக்கச் செய்யுங்கள், அங்கே போன கடிதத்தை நீங்கள் வாங்கி வாசியுங்கள் என்று ஏற்பாடு சொல்லியிருக்கிறது.

இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் தொகுப்பு உருவானது. கி.பி. 180இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ரோம அதிகாரியின் முன் சில்லி என்ற சிற்றூர்க்காரர்கள் பன்னிரண்டு பேரை நிறுத்தினார்கள். உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். புத்தகங்களும், பவுல் என்ற நல்ல மனிதரின் கடிதங்களும் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாக விசாரணைக் குறிப்பு இருக்கிறது. கிராமத்து ஆட்கள், ஒரு பெட்டி, அதற்குள் கடிதக் கட்டு. 27 புத்தகங்களின் பட்டியலை அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் 367இல் எழுதிவைப்பதற்கு ஏறத்தாழ இருநூறு வருஷம் முந்தைய சங்கதி இது.

இனி நம் சீமைக்கு வருவோம்.

புரொட்டஸ்டண்ட் பைபிளில் இந்தக் கடிதங்களுக்கு ‘நிருபம்’ என்று பெயர். பத்திரிகை நிருபர் என்கிறோமே, அதே சொல் குடும்பம். 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘திருமுகம்’ என்கிறது. தமிழில் இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். ஆலவாய்ச் சிவன் பாணபத்திரருக்காகச் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரத்தில்தான் பதினோராம் திருமுறையே தொடங்குகிறது. பல்லவர் காலத்தில் அரசன் அனுப்பும் ஆணைக்கும் இதுவே பெயர். இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் ஒரு கிராமத்தை ஒரு சோமயாஜிக்குத் தானம் செய்கிறான். ஊற்றுக்காடு எங்கோ இல்லை, இதே வாலாஜாபாத் பக்கம்தான். திருமுகம் வந்ததும் நாட்டார் அதைத் தொழுது தலைமேல் வைத்துக்கொண்டு, எல்லையை நடந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள் என்று செப்பேடு விவரிக்கிறது.

இந்தச் சீமையில் எழுத்து வந்தால் நிலம் கைமாறும். ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த விதி மாறவில்லை. நிலத்தில் இறங்கி உழுதவனுக்கு எந்தத் திருமுகமும் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதங்கள் தமிழில் அச்சேறிய கதையும் சுவையானது. மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை. 1711 மார்ச்சில் புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கத்தை முடித்துவிட்டார். ஜெர்மனியின் ஹாலேவில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெருத்தவை. அவற்றை வைத்து 1714இல் நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் அடித்தார்கள். காகிதம் கரைந்தது. அப்போது ஆட்லர் என்ற அச்சுத் தொழிலாளி அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறையை உருக்கினார்கள் என்று கதை சொல்வார்கள். அந்தச் சின்ன எழுத்தில்தான் மீதி அச்சாகி 1715இல் புத்தகம் முழுமை பெற்றது. மீதி என்றால் பெரும்பகுதி நிருபங்களே. ஆக, பவுலின் கடிதங்கள் தமிழுக்கு வந்ததே பொடி எழுத்தில். ஆயாவின் கண்ணாடியை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தவர் பப்ரிசியுஸ், சென்னை வேப்பேரியில் இருந்தவர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரின் அச்சு இயந்திரத்தையும் கொள்ளைப்பொருளாகக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரிக்கு வந்துசேர்ந்தது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. முழங்காலில் நின்று மொழிபெயர்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். மொழிபெயர்ப்பில் கெட்டிக்காரர், கணக்கில் சுத்த மோசம். மிஷன் பணத்தை நவாப் தரப்பு ஆட்களுக்கு வட்டிக்குவிட்டார். அது திரும்பவில்லை. கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791இல் இறந்தார். இந்தக் கடன் விவகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் சேர்ந்து உழைத்து 1850இல் வந்த பதிப்பைச் சபைகள் ஏற்கவில்லை. அந்தக் கதை நாவலர் வாழ்க்கையோடு சேர்த்துப் பல இடங்களில் எழுதப்பட்டுவிட்டதால் கடந்துபோகிறேன். ஆயா கையில் இருந்தது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் முழுமையடைந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. இந்த பவர்தான் 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். உ.வே.சா.வின் முழுப் பதிப்பு வந்தது 1887இல். சமண காவியத்தில் பழகிய கை பவுலின் கடிதங்களைத் திருத்தியிருக்கிறது. பைபிள் தமிழைக் கேலி செய்வது நம்மில் பலருக்குப் பழக்கம். ஒருமுறை நிருபங்களை உரக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். வாக்கியம் மூச்சுக்கு ஏற்ப நீள்கிறது, நிற்கிறது. வாயால் வாசிக்கவும் காதால் கேட்கவும் செய்த தமிழ் அது.

இனி அந்தத் தமிழைக் கேட்டவர்களிடம் போவோம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மெல்ரோசாபுரம் என்ற மிஷன் கிராமம் இருக்கிறது. ஊரார் வாயிலும் மனை விற்பவர்களின் பலகையிலும் அது மல்ரோசாபுரம். ரோஜாப்பூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப்புறத்தில், இடிந்த மடாலயத்துக்குப் பேர்போன சிற்றூர் மெல்ரோஸ். அந்தப் பெயரோடு ‘புரம்’ சேர்த்துச் செய்த ஊர் இது. தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1799இல் உருவான முதலூர்தான் இப்படிப்பட்ட கிறிஸ்தவக் குடியிருப்புகளில் முதலாவது. பிரஷ்யப் பிரபு தோனாவின் பெயரில் டோனாவூர் இருக்கிறது. காடு திருத்திய செம்மண்ணில், பார்த்தேயிராத ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்ட கிராமங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இங்கே வந்தது பள்ளிக்கூடம் நடத்த. 1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளி பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் கிளைகள் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் 1840 வாக்கில் முளைத்தன. செங்கற்பட்டின் செயின்ட் கொலம்பா பள்ளி அந்த வழிவந்ததுதான். முதல் நாற்பது வருஷம் அவர்கள் கண் மேல்சாதிப் பையன்கள் மீதே இருந்தது. படித்த பிராமண, வேளாள இளைஞர்கள் மதம் மாறினால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்பது கணக்கு. மாறியவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான், கூப்பிடாத இடத்திலிருந்து ஆள் வரத் தொடங்கியது. சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

செங்கற்பட்டு ஜில்லா மிராசுதார்களின் கோட்டை. நிலம், தரிசு, ஏரித் தண்ணீர், நத்தம் எல்லாவற்றிலும் மிராசு பாத்தியதை பேசுவார்கள். தரிசு வேண்டுமென்று சேரி ஆள் ஒருவன் தர்க்காஸ்து கொடுத்தால், முன்னுரிமை மிராசுதாருக்கு. குடிசை நிற்கும் மண்ணும் அவருடையது என்பதால், முறைத்துப் பார்த்தால் குடிசை போகும். படியாள் முறை இப்படி: மகன் கல்யாணத்துக்கு ஒரு தொகை வாங்குவார்கள். பத்திரத்தில் கைநாட்டு. தொகை தீரும்வரை அந்தப் பண்ணையில் வேலை. அன்றாடப் படியில் வயிறே நிறையாதபோது தொகை எப்படித் தீரும்? அப்பன் கடனுக்கு மகன் உழைப்பான். 1843ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்ற அங்கீகாரத்தை நீக்கியது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை வாங்கி விற்பதைக் குற்றமாக்கியது. பத்திரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது கடன் பத்திரம்தானே!

ஆக, சேரிக்காரனுக்குத் தெரிந்த ஒரே காகிதம் அவன் கட்டைவிரல் மையைத் தாங்கிய காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. வாசித்துக் காட்டியவன் பண்ணைக் கணக்கன்.

செங்கற்பட்டில் இருந்த ஃப்ரீ சர்ச் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் இந்த நிலைமையை வெளியே சொல்ல ஆரம்பித்தார்கள். ஜில்லா கலெக்டர் திரெமென்ஹீர் 1891 அக்டோபரில் செங்கற்பட்டுப் பறையர்களைப் பற்றித் தன் அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எழுதியவற்றில் இவ்வளவு வெளிப்படையானதை நான் அதிகம் படித்ததில்லை. சென்னை அரசாங்கத்துக்கே அது பிடிக்கவில்லை, முடிந்தவரை மழுப்பியது. ஆனாலும் அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்க, 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010 எண் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் பேசுவதன் வேர் அங்கே. மறு வருஷமே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அந்த மக்கள் தாமே எழுதி அச்சடித்த காகிதம்.

அந்த ஆணையின் கதி தெரிந்ததுதான். நூறு வருஷம் கழித்தும் நிலம் திரும்பக் கிடைக்காமல், காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கற்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் இறந்தார்கள். ஒரு பெயர் நிருபத்திலிருந்து வந்தது, ஒரு பெயர் திருப்பதியிலிருந்து வந்தது என்று எழுதத் தோன்றியது. தப்பு, நிருபத்தில் தோமா கிடையாது, அவர் நற்செய்தியில் வருகிறவர். பெயர்கள் பெயர்களாகவே இருக்கட்டும்.

மெல்ரோசாபுரம் 1890களின் அந்தக் கொந்தளிப்பில், ஆண்ட்ரூவின் முயற்சியால் உருவானது. மிராசுதாரின் நத்தத்தில் இல்லாத குடிசை, மிராசுதாரின் தயவில் இல்லாத உழவு. எளிமையாகச் சொன்னால் இவ்வளவே. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிஷன் நிலத்தில் குடியேறினால் மிஷன்தான் நிலக்கிழார். ஞாயிறு ஆராதனை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சாராயம் எல்லாவற்றிலும் பாதிரி ஐயர் சொல்வதே சட்டம் என்பது மிஷன் குடியிருப்புகளின் பொது வழக்கம். பண்ணையாரிடமிருந்து தப்பி வந்து பாதிரியாரிடம் கைகட்டி நின்றவர்கள் உண்டு. மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாக நடப்பார்கள்.

தமிழகத்து மிஷன் கிராமங்களில் தினசரி வேத வாசிப்பு நடந்த விதம் ஏறக்குறைய ஒன்றுதான். விடியற்காலையிலும், வேலை முடிந்து கூழ் குடித்தபின் இரவிலும் மணி அடிக்கும். மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டாகவும் இருக்கலாம். உபதேசியார் வருவார். பெரும்பாலும் அவரே பள்ளிக்கூட வாத்தியாரும். ஒரு பாட்டு, ஒரு பகுதி வாசிப்பு. பிறகு கேள்வி: யார் எழுதினது? யாருக்கு எழுதினது? எங்கேயிருந்து எழுதினது? கூட்டம் பதில் சொல்லும். ஒரு வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்விப்பார். எழுத்து தெரியாத ஒருவர் முப்பது வருஷத்தில் நிருபங்களில் பாதியை நெஞ்சில் வைத்திருப்பார். பெண்களிடம் வீட்டுக்கு வீடு போய் வாசித்தவர்கள் வேதாகம ஸ்திரீகள்.

அந்த இரவு வாசிப்பில் எந்தப் பகுதி எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் நான்காம் வசனம், வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட பணக்காரர்களைப் பற்றியது. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. களத்துமேட்டில் தலைதட்டிய மரக்காலில் அளந்து வாங்கிவந்த நெல் மடியில் இருக்கும்போது அதைக் கேட்பவனுக்கு வியாக்கியானம் எதற்கு? மார்ட்டின் லூதர் இந்த யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று ஒதுக்கினார். வைக்கோலின் மதிப்பு ஏர் ஓட்டுகிறவனைக் கேட்டால் தெரியும்.

எபேசியர் ஆறாம் அதிகாரமும் அதே பைபிளில்தான் இருக்கிறது. வேலைக்காரர்கள் எஜமான்களுக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படிய வேண்டும் என்கிற பகுதி. கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தில் அடிமை, சுயாதீனன் என்ற பேதமே இல்லை என்று எழுதியவரின் பெயரிலேயே இதுவும் இருக்கிறது. வாசிப்பு அட்டவணைப்படி தினமும் படிக்கிறவருக்கு இரண்டும் வரும். பிடித்ததை மட்டும் படிக்க அட்டவணை விடாது.

இந்த இழுபறி முழுக்க ஒரே தாளில் இருப்பது பிலேமோன் நிருபம். 25 வசனம், பவுலின் கடிதங்களில் மிகச் சிறியது. ஒநேசிமு என்ற அடிமை எஜமான் பிலேமோனைப் பிரிந்து, சிறையில் இருக்கும் பவுலிடம் வந்துசேர்கிறான். பவுல் அவனைக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார். அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். திருப்பி அனுப்பினாரே என்று இதைக் காட்டித்தான் அமெரிக்க அடிமை முதலாளிகள் தப்பியோடியவர்களைப் பிடிக்க நியாயம் பேசினார்கள். சகோதரன் என்றாரே என்று அடிமை ஒழிப்புக்காரர்களும் இதையே காட்டினார்கள். பவுல் இன்னும் கொஞ்சம் உடைத்துச் சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி. உபதேசியார்கள் இரண்டில் எதை அழுத்திச் சொன்னார்கள் என்பது அந்தந்த ஊர் மிராசுதாரின் கோபத்தைப் பொறுத்திருக்கும்.

ஆனால் அந்தக் கடிதத்தில் 18, 19 வசனங்களைச் செங்கற்பட்டுச் சீமையில் வைத்துப் படிக்க வேண்டும். அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார் பவுல். எழுத்தரை நிறுத்திவிட்டு, தன் கையாலேயே எழுதுவதாகவும் தானே திருப்பிச் செலுத்துவதாகவும் உறுதி தருகிறார். இது புரோநோட்டு. ஓர் அடிமையின் கடனுக்கு வேறொருவர் தன் கைப்பட எழுதித்தந்த புரோநோட்டு, வேதப்புத்தகத்தில் பக்கமாகச் சேர்ந்திருக்கிறது. இந்த வசனத்தைத் தமிழாக்கிய பப்ரிசியுஸே கடனுக்குச் சிறைபோனவர். கேட்டவர்களோ அப்பன் வைத்த கைநாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தவர்கள். கடன் என்ற சொல் அவர்கள் காதில் உவமையாக விழுந்திருக்காது.

தினம் இன்ன பகுதி என்று அட்டை அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் 1879இல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஆனி மார்ஸ்டன் என்ற ஞாயிறுபள்ளி ஆசிரியை, தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையால் எழுதிக்கொடுத்த பட்டியல்தான் ஸ்கிரிப்சர் யூனியன் அட்டையாகி உலகம் சுற்றியது. ஸ்காட்டிஷ் மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 முதல் சி.எஸ்.ஐ.யிலும் சேர்ந்தன. பலகையில் பெயர் மாறியது, காலை வாசிப்பு மாறவில்லை. கத்தோலிக்க வீடுகளில் கதை வேறு. அங்கே பூசை லத்தீனில் நடந்தவரை பவுல் தமிழ்க் காதுக்கு அவ்வளவாக எட்டவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் வந்த புதிய வாசக அட்டவணைதான் திருமுகங்களைத் தமிழில் பூசைக்குள் நிறைவாகக் கொண்டுவந்தது.

ஆயா ஜெபத்தை முடித்தபோது ஐந்தே கால். பேரன் சட்டை மாட்டிக்கொண்டே வந்தான். அவனுக்குச் செல்போனில் வசனம் வருகிறது, கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டுக்கொள்கிறானாம்.

“காதுலதானே கேக்குறான், அப்புறம் என்ன” என்று ஆயா டீ போடப் போனார்.

பவுலின் கடிதங்கள் எல்லாமே ஒருபக்கத் தபால். கொரிந்தியர்கள் அவருக்கு எழுதிய கடிதம் இல்லை. பிலேமோன் என்ன பதில் எழுதினான், ஒநேசிமுவை என்ன செய்தான் என்பதற்கு அவன் கையால் ஒரு வரி இல்லை. நம் சீமையிலும் அப்படித்தான். மிஷனரிகள் எழுதியது எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பெட்டி பெட்டியாகப் பத்திரமாக இருக்கிறது. திரெமென்ஹீர் எழுதியது ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இரவு மணியடித்து வாசித்தவரும், தரையில் உட்கார்ந்து கேட்டவர்களும் எழுதியது எங்கே? உபதேசியாரின் தினக்குறிப்பு, சபை வருகைப் பதிவேடு, ஓரத்தில் பென்சிலால் தேதி குறித்த பைபிள், ஞாயிறுபள்ளிப் பரிசு அட்டை, பழைய வாசிப்பு அட்டை என்று ஏதேனும் உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ இருக்கலாம். மெல்ரோசாபுரம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கற்பட்டு, மதுராந்தகம் பக்கத்து வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கறையான் பிடித்திருந்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைக்க வேண்டாம். பழைய பேப்பர்க்காரரிடம் போடுமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.

(அடுத்த இதழில்: திருமணி தொழுநோய் மருத்துவமனை)